எலி ‘ஆம்’ என்றது, நாய் ‘இல்லை’ என்றது: சா பால்மெட்டோ, ஒரு நிகழ்வு ஆய்வு

2000-இல் கால்நடை மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் சிறிய ஆய்வறிக்கை ஒன்று வந்தது. புராஸ்டேட் வீக்கம் இருந்த 20 ஆண் நாய்களை எடுத்துக்கொண்டார்கள். எட்டு நாய்களுக்குத் தினமும் 1,500 மில்லிகிராம் சா பால்மெட்டோ (ஓர் அமெரிக்கக் குட்டைப் பனை) பழச் சாறு, ஆறு நாய்களுக்கு 300 மில்லிகிராம், மீதி ஆறுக்கு ஒன்றும் தரவில்லை. 91 நாள் கழித்துப் பார்த்தபோது சுரப்பியின் எடை, பருமன், திசுவின் தோற்றம், இரத்தத்தில் இருக்கும் டெஸ்டோஸ்டீரோன் என எதை எடுத்தாலும் மூன்று குழுவுக்கும் வித்தியாசம் இல்லை.

அந்த நேரத்தில் அதே சாற்றை லட்சக்கணக்கான ஆண்கள் மாத்திரையாக விழுங்கிக்கொண்டிருந்தார்கள். எலிகளில் அது வேலை செய்கிறது என்று காட்டிய ஆய்வுகள் ஏற்கெனவே இருந்தன. மனிதர்களிடம் நடந்த பல சிறு ஆய்வுகளும் நம்பிக்கை தந்தன. பிறகு 2006-இல் 225 ஆண்களிடமும், 2011-இல் 369 ஆண்களிடமும் ஒழுங்காகச் செய்த இரண்டு சோதனைகள் நாய் சொன்னதையே சொல்லின.

தாவரச் சேர்மம் ஒன்றைப் புராஸ்டேட் வீக்கத்துக்காக விலங்குகளில் சோதிக்க நினைப்பவர்கள் இந்தக் கதையை முழுக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் எலியில் சுரப்பி சுருங்கியது என்று இன்றும் புதுப்புதுச் செடிகளின் பெயரில் அறிக்கைகள் வந்தபடியே இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும்.

நோயைப் பற்றிக் கொஞ்சம்

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. வயதாக ஆக அதன் உட்பகுதியில், குழாயை ஒட்டிய இடத்தில், சிறு சிறு முடிச்சுகளாகத் திசு பெருகத் தொடங்குகிறது. இது புற்றுநோய் அல்ல. ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நுண்ணோக்கியில் இந்தப் பெருக்கம் தெரியும். எண்பதைத் தாண்டியவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல். அத்தனை பேருக்கும் தொல்லை இருக்கும் என்று அர்த்தமில்லை. தொல்லை உள்ளவர்களுக்கு இரவில் நான்கைந்து முறை எழ வேண்டியிருக்கும், நீர் மெலிந்து போகும், போன பின்னும் மிச்சம் இருப்பது போலத் தோன்றும், சிலருக்குத் திடீரென்று முற்றிலும் அடைத்துக்கொள்ளும்.

இந்தப் பெருக்கத்துக்குப் பின்னால் ஆண்மை இயக்குநீர் இருக்கிறது. டெஸ்டோஸ்டீரோனை 5-ஆல்பா ரிடக்டேஸ் என்ற நொதி டைஹைட்ரோடெஸ்டோஸ்டீரோனாக மாற்றுகிறது. சுருக்கமாக டிஎச்டி. புராஸ்டேட் செல்களை வளரச் சொல்வது முக்கியமாக இந்த டிஎச்டி-தான். இதற்கு அழுத்தமான சான்று மனிதர்களிடமிருந்தே வந்தது. டொமினிக்கன் குடியரசில் சில குடும்பங்களில் இந்த நொதி பிறவியிலேயே குறைவாக இருந்ததை 1974-இல் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். அந்த ஆண்களின் புராஸ்டேட் மிகச் சிறியதாக இருந்தது. இந்தக் கண்டுபிடிப்பைப் பிடித்துக்கொண்டு நொதியைத் தடுக்கும் மருந்தைத் தேடினார்கள். 1992-இல் அமெரிக்காவில் ஃபினாஸ்டெரைட் அனுமதி பெற்றது. மனிதனிடம் இயற்கையே செய்துவைத்த சோதனையில் தொடங்கி, விலங்கு வழியாக மீண்டும் மனிதனுக்கு வந்த மருந்து அது. தாவரச் சாறுகள் பெரும்பாலும் இந்த வழியில் வருவதில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாற்றில் இருப்பது என்ன

சா பால்மெட்டோ அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் புதர் போலப் படர்ந்து வளரும், பனைக் குடும்பத்தைச் சேர்ந்த குட்டைத் தாவரம். அதன் கருநிறப் பழத்திலிருந்து கொழுப்பில் கரையும் பகுதியைப் பிரித்தெடுக்கிறார்கள். அதில் பெரும்பங்கு கொழுப்பு அமிலங்கள்: லாரிக், ஓலியிக், மிரிஸ்டிக். கொஞ்சமாகத் தாவர ஸ்டெரால்கள் இருக்கும். பீட்டா-சிட்டோஸ்டெரால் அவற்றில் முக்கியமானது.

சோதனைக் குழாயில் இந்தச் சாறு 5-ஆல்பா ரிடக்டேஸைத் தடுத்தது. எந்தப் பகுதி தடுக்கிறது என்று பிரித்துப் பார்த்தபோது வேலையைச் செய்தவை கொழுப்பு அமிலங்கள் என்று தெரிந்தது. எனக்கு இங்கேயே சந்தேகம் தொடங்குகிறது. இந்த நொதி செல்லுக்குள் இருக்கும் சவ்வில் பதிந்திருப்பது. சவ்வில் பதிந்த நொதிகளைக் கொழுப்பு அமிலங்கள் சோதனைக் குழாயில் எளிதாகக் கலைத்துவிடும். ஆனால் ஓலியிக் அமிலமும் லாரிக் அமிலமும் அன்றாட எண்ணெயிலும் தேங்காயிலும் இருப்பவை. மாத்திரையில் வரும் முந்நூறு மில்லிகிராம் அவற்றோடு சேர்ந்து குடலில் செரித்து, கல்லீரலைத் தாண்டி, புராஸ்டேட்டில் மட்டும் தனியாக என்ன செய்துவிடும்? 1980-களிலும் 90-களிலும் இந்தக் கேள்வியை இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

எலியை எப்படி நோயாளியாக்குகிறார்கள்

ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்வது இப்படி. வளர்ந்த ஆண் எலிக்கு விதைகளை நீக்குகிறார்கள். அதன் சொந்த டெஸ்டோஸ்டீரோன் நின்றுபோகிறது. சுமார் ஒரு வாரம் ஆற விடுகிறார்கள். பிறகு எண்ணெயில் கரைத்த டெஸ்டோஸ்டீரோன் புரோப்பியோனேட்டைத் தோலுக்கடியில் தினமும் ஊசியாகப் போடுகிறார்கள். உடல் எடை ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற கணக்கு பல ஆய்வுகளில் வரும். நான்கு வாரத்தில் புராஸ்டேட் பெருத்துவிடும்.

குழுக்கள் குறைந்தது இத்தனை வேண்டும்: அறுவை மட்டும் செய்து வெறும் எண்ணெய் பெற்ற குழு, டெஸ்டோஸ்டீரோன் மட்டும் பெற்ற குழு, டெஸ்டோஸ்டீரோனோடு ஃபினாஸ்டெரைட் பெற்ற குழு, டெஸ்டோஸ்டீரோனோடு சோதிக்கும் சேர்மத்தை இரண்டு மூன்று அளவுகளில் பெற்ற குழுக்கள். கடைசி நாளில் எலியை எடை போட்டு, மயக்கி, சுரப்பியை வெட்டி எடுத்து அதையும் எடை போடுகிறார்கள். சுரப்பியின் எடையை உடல் எடையால் வகுத்தால் வருவது புராஸ்டேட் குறியீடு. அப்புறம் திசுவைச் சாயம் ஏற்றிப் பார்ப்பது, இரத்தத்திலும் திசுவிலும் டிஎச்டி அளப்பது, பெருகும் செல்களை எண்ணுவது எல்லாம் நடக்கும்.

பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஓட்டைகள் பல இடத்தில் இருக்கின்றன.

முதலாவது, எலியின் புராஸ்டேட் மனிதனுடையது போல ஒரே உருண்டை அல்ல. வயிற்றுப் பக்க மடல், முதுகுப் பக்க மடல், பக்கவாட்டு மடல், முன்மடல் என்று தனித்தனியாகப் பிரிந்து கிடக்கும். எடை போடும்போது எல்லோருக்கும் கைக்கு வருவது வயிற்றுப் பக்க மடல். அதற்கு மனிதனிடம் இணையான பகுதியே இல்லை. மனிதனில் முடிச்சு தோன்றும் அந்த உட்பகுதிக்கு எலியில் சரியான ஜோடி கிடையாது. பெருத்தாலும் எலியின் சிறுநீர்க் குழாயை அது நெரிப்பதில்லை.

இரண்டாவது, பெருகுவது எந்தத் திசு என்ற கேள்வி. டெஸ்டோஸ்டீரோன் போட்ட எலியில் சுரக்கும் செல்கள் உயர்ந்து, மடிந்து, குழிக்குள் பிதுங்கி நிற்கும். மனிதனில் தொல்லை தரும் சுரப்பியில் நார்த் திசுவும் மென்தசையும்தான் கூடுகின்றன. இயல்பான சுரப்பியில் இந்தத் தாங்கு திசு, சுரக்கும் திசுவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். அறிகுறி உள்ள சுரப்பியில் அது ஐந்து மடங்கு வரை போகிறது. அந்தத் தசை இறுகுவதும் நீர் போவதைத் தடுக்கிறது. இந்தத் தசையைத் தளர்த்தும் ஆல்பா தடுப்பான் மருந்துகள் சுரப்பியைச் சுருக்காமலேயே நிவாரணம் தருவது இதனால்தான்.

மூன்றாவதை நான் எல்லாவற்றிலும் பெரியதாக நினைக்கிறேன். பெரும்பாலான எலி ஆய்வுகளில் டெஸ்டோஸ்டீரோன் ஊசியும் சோதனைச் சேர்மமும் ஒரே நாளில் தொடங்குகின்றன. அப்படியானால் அங்கே பார்க்கப்படுவது வளர்ச்சியைத் தடுக்க முடியுமா என்பது. மருத்துவரிடம் வருகிற மனிதனுக்கோ சுரப்பி பத்து இருபது ஆண்டாக வளர்ந்து முடிந்திருக்கிறது. வளர்ந்ததைச் சுருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. அதைக் கேட்க வேண்டுமானால் முதலில் சுரப்பியைப் பெருக்க வேண்டும், பிறகு டெஸ்டோஸ்டீரோனை நிறுத்தாமல் தொடர்ந்தபடியே சேர்மத்தைக் கொடுக்க வேண்டும். ஊசியை நிறுத்திவிட்டால் விதை நீக்கிய எலியின் புராஸ்டேட் எதுவும் கொடுக்காமலேயே சுருங்கிவிடும். அந்தச் சுருக்கத்தைச் செடியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

அப்புறம் சின்னச் சின்னத் தவறுகள். சுரப்பிக்குள் தேங்கிய நீரும் எடையில் சேரும். ஒட்டியிருக்கும் கொழுப்பை எவ்வளவு சுத்தமாக எடுக்கிறோம் என்பது கைக்குக் கை மாறும். எந்தக் குழுவின் எலி என்று தெரிந்தவர் வெட்டினால் கை தானாகவே ஒரு பக்கம் சாயும். சேர்மம் கல்லீரலைத் தூண்டி, ஊசியில் போன டெஸ்டோஸ்டீரோனை வேகமாக வெளியேற்றினாலும் புராஸ்டேட் சிறுக்கும். அந்த எலியில் 5-ஆல்பா ரிடக்டேஸை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். எலி சரியாகச் சாப்பிடாமல் மெலிந்தால் குறியீட்டின் வகுக்கும் எண்ணே மாறிவிடுகிறது. ஆகவே குறியீட்டை மட்டும் எழுதி, சுரப்பியின் எடையையும் உடலின் எடையையும் தனித்தனியாகத் தராத அறிக்கையை நான் நம்புவதில்லை.

எலிகள் ஒரே குரலில் பேசவும் இல்லை

1993-இல் ஃபினாஸ்டெரைட் தயாரிப்பாளரின் ஆய்வாளர்கள் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். அதில் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். விதை நீக்கிய எலிகளில் சிலவற்றுக்கு டெஸ்டோஸ்டீரோன் கொடுத்தார்கள், சிலவற்றுக்கு நேரடியாக டிஎச்டி கொடுத்தார்கள். நொதியைத் தடுக்கும் மருந்து என்றால் முதல் வகை வளர்ச்சியைத் தடுக்க வேண்டும். இரண்டாவதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் அங்கே நொதிக்கு வேலையே இல்லை. ஃபினாஸ்டெரைட் சரியாக அப்படியே நடந்துகொண்டது. சா பால்மெட்டோ உள்ளிட்ட சந்தைச் சாறுகள் இரண்டையுமே தடுக்கவில்லை. ‘நொதியைத் தடுக்கிறது’ என்று சொல்லும் எவரும் செய்ய வேண்டிய எளிய சோதனை இது. இன்றும் பலர் இதைச் செய்வதில்லை.

அடுத்த ஆண்டு 32 ஆரோக்கியமான ஆண்களுக்கு ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஃபினாஸ்டெரைட் இரத்தத்தில் டிஎச்டியைப் பாதிக்கும் கீழே இறக்கியது. சா பால்மெட்டோ பெற்றவர்களிடம் மாற்றமே இல்லை.

ஆனால் 1996-இல் வந்த வேறொரு எலி ஆய்வு எதிர்த் திசையில் போனது. அங்கே எலிகளுக்கு டெஸ்டோஸ்டீரோனோடு பெண்மை இயக்குநீரான எஸ்ட்ராடயோலும் சேர்த்து, மெல்லக் கசியும் குழாய்களாகத் தோலுக்கடியில் வைத்தார்கள். மூன்று மாதம் சாறு கொடுத்தபோது சுரப்பியின் எடைக் கூடுதல் குறைந்தது. ஆனால் முதுகுப் பக்க, பக்கவாட்டு மடல்களில் 30, 60-ஆம் நாட்களில் தெரிந்த வித்தியாசம் வயிற்றுப் பக்க மடலில் 90-ஆம் நாளில்தான் தெரிந்தது. 2000-இல் இன்னொரு குழு சல்பிரைட் என்ற மருந்தைக் கொடுத்து எலியின் புரோலாக்டின் என்ற இயக்குநீரை உயர்த்தியது. அதனால் பெருத்த பக்கவாட்டு மடலில் சாறு வேலை செய்தது, ஃபினாஸ்டெரைட் அங்கே வேலை செய்யவில்லை.

இதை நான் பொய் என்று சொல்லவில்லை. எலிகளில் அது நடந்திருக்கும். எந்த இயக்குநீரால் பெருக்கினோம், எந்த மடலைப் பார்த்தோம், எந்த நாளில் வெட்டினோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது என்பதுதான் இங்கே தெரியவரும் செய்தி. மாதிரியை மாற்றினால் விடை மாறும் என்றால், மனிதனின் நோய்க்கு எந்த மாதிரி நெருக்கம் என்று முதலில் பேசி முடிக்க வேண்டும். எதிர்மறையாக வந்த அறிக்கைக்குப் போட்டி மருந்தின் தயாரிப்பாளர் பின்னால் இருந்தார், ஆகவே அதைப் பலர் ஒதுக்கிவைத்தார்கள். நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் அதே எச்சரிக்கையைச் சாறு விற்பவர்கள் பக்கம் காட்ட மறந்துவிட்டார்கள்.

மனிதர்களில் வந்த குழப்பம்

1996-இல் 1,098 ஆண்களில் சாற்றையும் ஃபினாஸ்டெரைட்டையும் 26 வாரம் ஒப்பிட்டார்கள். அறிகுறி மதிப்பெண் சாற்றில் 37 சதவீதமும் மருந்தில் 39 சதவீதமும் குறைந்தது. ‘மருந்துக்குச் சமம்’ என்று எங்கும் பேச்சு. ஆனால் அந்த ஆய்விலேயே ஒரு குறிப்பு இருந்தது: ஃபினாஸ்டெரைட் சுரப்பியை 18 சதவீதம் சுருக்கியது, இரத்தத்தில் பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்) அளவை 41 சதவீதம் குறைத்தது, சாறு சுரப்பியை 6 சதவீதம் மட்டும் சுருக்கியது, பிஎஸ்ஏ அசையவே இல்லை. நொதி தடுக்கப்பட்டதற்கான அடையாளம் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை பெற்ற குழுவும் அதில் இல்லை.

அதே 1996-இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 1,229 ஆண்களிடம் நடந்த சோதனையின் முடிவு வந்தது. ஓராண்டில் அறிகுறி மதிப்பெண் வெற்று மாத்திரையில் 2.6 புள்ளி, ஃபினாஸ்டெரைட்டில் 3.2 புள்ளி, ஆல்பா தடுப்பானான டெராசோசினில் 6.1 புள்ளி குறைந்தது. ஓராண்டுக்குள் ஃபினாஸ்டெரைட்டே வெற்று மாத்திரையைக் குறிப்பிடும்படி தாண்டவில்லை என்றால், ஆறு மாதத்தில் அதற்குச் ‘சமம்’ என்பதற்கு என்ன மதிப்பு? (ஃபினாஸ்டெரைட்டுக்கு அநியாயம் செய்ய வேண்டாம். பெரிய சுரப்பி உள்ளவர்களுக்கு நான்கு ஆண்டு கொடுத்தபோது அறுவை சிகிச்சைத் தேவையும் முழு அடைப்பும் பாதிக்கும் மேல் குறைந்தன என்று 1998-இல் 3,040 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது.)

1998-இல் 18 சோதனைகளையும் 2,939 ஆண்களையும் சேர்த்துத் தொகுத்தவர்கள் சாறு உதவுகிறது என்று முடிவுக்கு வந்தார்கள். அந்தச் சோதனைகளில் பல சிறியவை, குறுகிய காலம் நடந்தவை. இன்னொரு சிக்கலும் இருந்தது: இந்தச் சாற்றுக்கு வீரியமான வாசனையும் கசப்பும் உண்டு. வெற்று மாத்திரை வாசனையில்லாமல் இருந்தால் யாருக்கு எது கிடைத்தது என்று மாத்திரை போடுபவருக்கே தெரிந்துவிடும். சிறுநீர்த் தொல்லையின் மதிப்பெண் முழுக்க முழுக்க நோயாளி சொல்வதை வைத்துப் போடுவது. தெரிந்துவிட்டால் கதை முடிந்தது.

2006-ஆம் ஆண்டின் சோதனை இதைச் சரிசெய்தது. 49 வயதைத் தாண்டிய 225 ஆண்கள், தினம் இரண்டு முறை 160 மில்லிகிராம், ஓராண்டு. வெற்று மாத்திரையும் பார்க்கவும் சுவைக்கவும் அதே போல இருந்தது. முடிவில் இரு குழுவுக்கும் அறிகுறி மதிப்பெண்ணில் இருந்த வித்தியாசம் 0.04 புள்ளி. முப்பத்தைந்து புள்ளி அளவுகோலில்.

‘அளவு போதவில்லை’ என்று அப்போது சொன்னார்கள். 2011-இல் வெளிவந்த சோதனையில் 320 மில்லிகிராமில் தொடங்கி, 24 வாரத்தில் 640, 48 வாரத்தில் 960 என்று ஏற்றினார்கள். 72 வாரம் கழித்துச் சாறு பெற்றவர்களின் மதிப்பெண் 2.20 புள்ளி குறைந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களின் மதிப்பெண் 2.99 புள்ளி குறைந்தது. வெற்று மாத்திரைதான் ஒரு படி மேலே.

ஒரு உண்மையையும் மறைக்கக் கூடாது. 2001-இல் சா பால்மெட்டோ கலந்த மூலிகைக் கலவையைப் பெற்ற ஆண்களின் புராஸ்டேட் திசுவை ஊசியால் எடுத்து அளந்தபோது டிஎச்டி 32 சதவீதம் குறைந்திருந்தது. அதே முறையில் ஃபினாஸ்டெரைட் பெற்றவர்களுக்கு 80 சதவீதம் குறைந்திருந்தது. திசுவில் கொஞ்சம் ஏதோ நடந்திருக்கலாம். நோயாளி இரவில் ஒரு முறை குறைவாக எழும் அளவுக்கு அது போதவில்லை.

நாயைப் பற்றி

மனிதனைத் தவிர, வயதாகும்போது தானாகவே புராஸ்டேட் பெருக்கம் பரவலாக வரும் வீட்டு விலங்கு நாய் ஒன்றுதான். விதை நீக்கப்படாத வயதான ஆண் நாய்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இது இருக்கும். யாரும் ஊசி போட வேண்டாம். அதன் சொந்த டெஸ்டோஸ்டீரோன், அதன் சொந்த டிஎச்டி, பல ஆண்டுக் கால வளர்ச்சி.

நாயிலும் வேறுபாடு உண்டு. அதன் சுரப்பி எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பெருக்கிறது, சுரக்கும் திசுதான் அதிகம் கூடுகிறது, நீர்க்கட்டிகள் வரும். சிறுநீர் அடைப்பதை விட மலக்குடல் நெரிபடுவதுதான் நாய்க்கு அதிகம்: முக்கி முக்கிப் போகும், குறியிலிருந்து இரத்தம் சொட்டும். ஆகவே சிறுநீர் ஓட்டம் பற்றிய கேள்விக்கு நாயும் முழு விடை தராது. ஆனால் ‘ஏற்கெனவே தானாக வளர்ந்துவிட்ட சுரப்பியை இந்தச் சேர்மம் சுருக்குமா?’ என்ற கேள்விக்கு இதைவிட நேர்மையான விலங்கு இல்லை. புராஸ்டேட் ஆண் இயக்குநீரைச் சார்ந்து வாழ்கிறது என்ற அறிவே பெருமளவு நாயிடமிருந்து வந்தது. புராஸ்டேட் புற்றுநோய்க்கான இயக்குநீர் சிகிச்சைக்காக 1966-இல் நோபல் பரிசு பெற்ற சார்ல்ஸ் ஹக்கின்ஸ், முதலில் நாயின் புராஸ்டேட் சுரக்கும் நீரைத்தான் அளந்துகொண்டிருந்தார்.

2001-இல் புராஸ்டேட் வீக்கம் இருந்த ஒன்பது நாய்களில் ஐந்துக்கு ஃபினாஸ்டெரைட்டும் நான்குக்கு வெற்று மருந்தும் 16 வாரம் கொடுத்தார்கள். ஃபினாஸ்டெரைட் பெற்றவற்றின் சுரப்பி சராசரியாக 43 சதவீதம் சுருங்கியது. விந்தின் தரமும் கெடவில்லை. இத்தனை சிறிய ஆய்விலேயே வேலை செய்யும் மருந்து தன்னைத் தெளிவாகக் காட்டிக்கொண்டது. சா பால்மெட்டோவைச் சோதித்த ஆய்வில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நாய்கள் இருந்தும், 91 நாள் கழித்து ஒன்றும் தெரியவில்லை. இந்த இரண்டு ஆய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 2001-லேயே ஒருவர் மனித சோதனைகளின் முடிவை ஓரளவு ஊகித்திருக்க முடியும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

அளவுக் கணக்கு

எலியில் வேலை செய்ததும் மனிதனில் செய்யாததும் அளவினால் வந்த வித்தியாசமா என்று பார்த்துவிடலாம். எலிக்குத் தரும் அளவை மனித அளவாக்க, உடலின் மேற்பரப்பைக் கணக்கில் எடுத்து 6.2-ஆல் வகுப்பது வழக்கம். எலிக்கு ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். மனிதனுக்கு அது ஒரு கிலோவுக்கு 8 மில்லிகிராம். எழுபது கிலோ ஆணுக்குச் சுமார் 565 மில்லிகிராம். 2011-ஆம் ஆண்டின் சோதனை இதைத் தாண்டி 960 வரை போனது. நாய்க்கு வகுக்கும் எண் 1.8. முப்பது கிலோ நாய் என்று வைத்துக்கொண்டால் 1,500 மில்லிகிராம் என்பது ஒரு கிலோவுக்கு 50. மனிதக் கணக்கில் ஒரு கிலோவுக்கு 28-க்கு அருகில், எழுபது கிலோவுக்கு இரண்டு கிராமை ஒட்டி வரும். ஆக, அளவு போதவில்லை என்று சொல்ல வழியில்லை.

இதே கணக்கைத் திருப்பியும் போட வேண்டும். எலிக்கு ஒரு கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் கொடுத்து ‘பயன் தெரிந்தது’ என்று எழுதும் அறிக்கைகளைப் பார்க்கிறேன். எழுபது கிலோ மனிதனுக்கு அது தினம் பதினொரு கிராம் சாறு. யார் விழுங்குவார்கள்?

எதிர்ப்பக்கத்தில் ஒரு சேர்மம்

சுரப்பியின் எடையை மட்டும் நம்பினால் நல்லதையும் தவறவிடலாம் என்பதற்குப் பீட்டா-சிட்டோஸ்டெரால் நல்ல உதாரணம். 1995-இல் 200 ஆண்களுக்கு ஆறு மாதம், தினம் மூன்று வேளை 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். அறிகுறி மதிப்பெண் 7.4 புள்ளி குறைந்தது, வெற்று மாத்திரையில் 2.1 புள்ளி. சிறுநீர் ஓட்டத்தின் உச்ச வேகம் நொடிக்கு 9.9 மில்லிலிட்டரிலிருந்து 15.2 ஆனது, வெற்று மாத்திரையில் 10.2-இலிருந்து 11.4. சுரப்பியின் பருமனோ மாறவே இல்லை. பின்னர் நான்கு சோதனைகளையும் 519 ஆண்களையும் சேர்த்துப் பார்த்தபோதும் இதே போக்கு. ஆறு மாதத்தைத் தாண்டிய சான்று அவற்றில் இல்லை, ஆகவே இதைக் கொண்டாடவும் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எலியின் சுரப்பியைத் தராசில் வைத்து மட்டும் இதைச் சோதித்திருந்தால் முதல் வாரத்திலேயே கைவிட்டிருப்பார்கள். தசை இறுக்கம், சிறுநீர்ப்பையின் உணர்வு, அழற்சி இவற்றில் எதன் வழியாகவும் ஒரு சேர்மம் உதவலாம். விலங்கிலும் சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளக்க முடியும், சுரப்பியின் தசைத் துண்டை உறுப்புக் குளியலில் (திசுவை உயிரோடு வைக்கும் திரவத் தொட்டி) தொங்கவிட்டு இறுக்கத்தை அளக்க முடியும். செய்பவர்கள்தான் குறைவு.

இன்று ஒருவர் தொடங்கினால்

கையில் புதிய தாவரச் சேர்மம் ஒன்றோடு யாராவது என்னிடம் வந்தால் முதலில் கேட்பது, அது உண்மையில் ஒரு சேர்மம்தானா என்று. சாறு என்றால் அதில் எது எவ்வளவு என்ற பட்டியல் வேண்டும். அடுத்த முறை பிரித்தெடுக்கும்போதும் அதே விகிதம் வர வேண்டும். அது இல்லாமல் விலங்கைத் தொடுவது விலங்குக்குச் செய்யும் துரோகம்.

அப்புறம் டெஸ்டோஸ்டீரோன் எலியும் டிஎச்டி எலியும் அருகருகே. இரண்டையும் தடுத்தால் ஏற்பியை (இயக்குநீர் செல்லில் போய் ஒட்டும் இடம்) தொடுகிறது அல்லது இயக்குநீரை வேகமாக அழிக்கிறது. முதலாவதை மட்டும் தடுத்தால் நொதி. ஃபினாஸ்டெரைட் குழு கட்டாயம், ஆனால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: 5-ஆல்பா ரிடக்டேஸில் வகைகள் உண்டு, மனிதனில் அது இரண்டாம் வகை நொதியைத் தேர்ந்து தடுக்கிறது, எலியில் முதல் வகையையும் நன்றாகவே தடுக்கும். எலியில் அதோடு ‘சமம்’ என்ற சொல்லுக்கு மனிதனில் அதே பொருள் இல்லை. வெட்டுபவருக்கும் திசுவைப் பார்ப்பவருக்கும் குழு தெரியக் கூடாது. எத்தனை விலங்கு, ஏன் அத்தனை, எது விலக்கப்பட்டது என்பதை எழுத வேண்டும். 2010-இல் வந்து 2020-இல் புதுப்பிக்கப்பட்ட, விலங்கு ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் அரைவ் (ARRIVE) வழிகாட்டி இதையெல்லாம் வரிசையாகக் கேட்கிறது. ஆராய்ச்சி தொடங்கும் முன்பே அதைப் படித்துவிடுவது நல்லது.

இவற்றைத் தாண்டிய பிறகு, மனிதனுக்குப் போகும் முன், நாய். இங்கே புதிதாக ஆய்வகத்தில் நாய்களை வளர்க்க வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். நோய் ஏற்கெனவே இருக்கும் நாய்கள் கால்நடை மருத்துவமனைக்கு வருகின்றன. வளர்ப்பவரின் சம்மதத்தோடு, பாதிக்கு வெற்று மருந்து கொடுத்து, மாதம் ஒரு முறை அல்ட்ராசவுண்டில் சுரப்பியை அளந்தால் போதும். எந்த விலங்கும் சாக வேண்டாம். வெற்று மருந்து கிடைத்த நாய்க்கு ஆய்வு முடிந்ததும் ஃபினாஸ்டெரைட்டோ விதை நீக்கமோ செய்துவிடலாம். விதை நீக்கினால் சில வாரங்களில் சுரப்பி சுருங்கிவிடும், நாய் நிம்மதியாக மலம் கழிக்கும்.